சோற்றை நிறுத்தச் சொல்லிவிட்டு மாவு டின் விற்கிறார்கள்: திருகோணமலைப் பிள்ளைகள் கவனம்

திருகோணமலை டவுனில் ஜிம் போகும் பிள்ளைகளும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் அம்மாமார் அக்காமாரும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஒரு மாவு டின்னைக் கொடுத்து என் தம்பியிடம் 22,000 ரூபா கறந்துவிட்டார்கள். ஜிம்மின் பெயரை நான் போடவில்லை. அவர்கள் செய்த விதத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

தம்பிக்கு 19 வயது, 62 கிலோ. உடம்பு ஏற்ற வேண்டும் என்று போனவனிடம் பயிற்சியாளர் முதல் நாளே சொன்னது: "தம்பி, சோறு, பாண், புட்டு எல்லாத்தையும் நிப்பாட்டு. மாச்சாப்பாடு திண்டா வண்டிதான் வைக்கும், சதை ஏறாது." இவனும் முட்டையும் கோழியுமாகக் கிடந்தான். ஒரு கிழமையில் எடை இறங்கியது. "பாத்தியா, கொழுப்புக் கரையுது" என்று முதுகில் தட்டினாராம். வீட்டில் நான் பார்த்தது வேறு. எந்த நேரமும் களைப்பு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், முன்பு தூக்கிய பாரத்தைக்கூடத் தூக்க முடியவில்லை.

அப்புறம்தான் டின் வந்தது. "உடம்பு இப்ப கிளீன். இனி இதைக் குடி." 3 கிலோ மாஸ் கெய்னர், அதாவது உடம்பு ஏற்றக் கரைத்துக் குடிக்கும் மா. குடிக்கத் தொடங்கிய சில நாளிலேயே எடை ஏறியது, தோளும் கையும் கொஞ்சம் உப்பின. உடனே போட்டோ எடுத்து, கூடப் பயிற்சி செய்கிற பெடியன்களுக்குக் காட்டி அவர்களுக்கும் விற்றிருக்கிறார்.

இதில்தான் ஏமாற்றே இருக்கிறது. நாம் சாப்பிடும் மாச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக்கித் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. தசையில் சுமார் 400 கிராம், ஈரலில் 100 கிராம் வரை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். மறுபடி மாச்சத்து உள்ளே போனால் இரண்டும் ஏறும். முதல் கிழமையில் இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, டின் குடித்து ஏறியதில் பெரும்பகுதி சதையும் இல்லை. பாரம் தூக்கும்போது தசை முக்கியமாக எரிப்பது இந்தக் கிளைக்கோஜனைத்தான். அது குறைந்தால் ஒழுங்காகப் பயிற்சி செய்ய முடியாது, பிறகு எங்கே தசை வளர்வது? சாப்பாடு மொத்தமாகக் குறைந்தால், தசைக்குப் போக வேண்டிய புரதத்தையும் உடம்பு எரித்துவிடும்.

டின்னின் பின்பக்கத்தில் 'ஹை புரோட்டீன்' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர். நகத்தால் கிளறினேன், வரவில்லை. தேங்காயெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் வைத்து உரித்தேன். அடியில் உள்ளடக்கப் பட்டியல் இருந்தது, முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது ஒருவகை மாச்சத்து. எடையில் எது கூடவோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடுவார்கள். 100 கிராமில் மாச்சத்து 78 கிராம், புரதம் 15 கிராம். இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை.

அரிசியிலும் 100 கிராமுக்கு மாச்சத்து கிட்டத்தட்ட அதேதான். 3 கிலோ அரிசி ஆயிரம் ரூபாவைத் தாண்டாது. டின்னில் இருந்த மொத்தப் புரதம் 450 கிராம், அதாவது 75 முட்டை. அதையும் சேர்த்து வாங்கினாலும் 22,000 ரூபாவுக்குக் கிட்டவும் வராது.

டின்னைக் கொண்டுபோய்ப் பயிற்சியாளரிடம் கேட்டேன். "அக்கா, சோத்துக் கார்ப் வேற, இது வேற கார்ப்" என்றார். கார்ப் என்று அவர் சொன்னது மாச்சத்தைத்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் மாப்பொருளை உடைத்து எடுப்பது. குடலுக்குள் போனால் அதுவும் குளுக்கோஸ், சோறும் குளுக்கோஸ். இது இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறும், அவ்வளவுதான். வீட்டில் சீனி வருத்தக்காரர் யாரும் 'சத்து மா' என்று நினைத்து இதைக் குடித்துவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய பயம். பில் கேட்டால், "பில் போட்டா விலை கூடும்." காசைத் திருப்பிக் கேட்டால், "திறந்த டின் எடுக்க மாட்டம்."

தம்பி இப்போது மத்தியானம் வயிறாரச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்குப் போகிறான், வேறு இடத்துக்கு. பாரம் தூக்குபவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதும். இவனுக்கு நாளுக்கு 100 கிராம். மீன் 100 கிராமிலேயே சுமார் 20 கிராம் வந்துவிடும். சூரையும் கீரியும் கிடைக்கிற ஊரில் நமக்கு என்ன குறை? கூடவே முட்டை, பருப்பு, கௌபி. மாச்சத்து கிலோவுக்கு 4 கிராம் என்று வைத்தாலும் அவனுக்கு 250 கிராம் வேண்டும். ஆக்கிய சோறு 100 கிராமில் 28 கிராம்தான் இருக்கிறது, ஆகவே தட்டு நிறையவே சாப்பிடலாம்.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டின் உங்கள் வீட்டிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரித்து முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, சட்டத்தில் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் டின்னைக் காட்டுங்கள். நான் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு மூன்று பேர் கொடுத்தால் என் முறைப்பாட்டுக்கும் பலம் கூடும்.