பாக்கெட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று: மூன்று உயர்ரக காம்பாக்ட் கேமராக்கள்

நல்ல போன் ஒன்று கையில் இருக்கும்போது தனியாக ஒரு காம்பாக்ட் கேமரா வாங்க இன்று ஒரே ஒரு நியாயமான காரணம்தான் உண்டு. போனால் ஆகாத ஏதோ ஒரு காரியம் அந்தக் கேமராவால் ஆக வேண்டும். அது எந்தக் காரியம் என்று தெளிவாகச் சொல்ல முடியாதவரை பணத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது. இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மூன்று கேமராக்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3. அதன் இரட்டைப் பிறவியாக 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன். இரண்டாவது, 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கேமரா. மூன்றாவது, 2019-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது. இனி சுருக்கமாக ரிக்கோ, ஃபூஜி, சோனி.

மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து விற்கிறார்கள். மூன்றுக்கும் காம்பாக்ட் என்றுதான் பெயர். ஆனால் மெகாபிக்சல் கணக்கை வைத்து வரிசைப்படுத்தினால் முழுக்கத் தவறாகப் போய்விடும்: ஃபூஜி 40, ரிக்கோ 24, சோனி 20. இந்த எண்கள் ஒரு கேமராவோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் எண் தடிமன். ரிக்கோ ஜிஆர் 3-இன் உடல் 33 மில்லிமீட்டர். சோனி 43. ஃபூஜி 55. எடை, பேட்டரியும் கார்டும் சேர்த்து, முறையே 257, 302, 521 கிராம். ரிக்கோவை அணைத்தால் லென்ஸ் முழுவதும் உள்ளே போய் முகப்பு தட்டையாகிவிடும். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்காரலாம், எழுந்திருக்கலாம். சோனியும் பாக்கெட்டுக்குள் போகும், ஆனால் தடிப்பு தெரியும். ஃபூஜி எந்த பாக்கெட்டுக்கும் ஆகாது. கோட்டுப் பையில் வேண்டுமானால் திணிக்கலாம். உண்மையில் அது தோளில் வார்போட்டு மாட்ட வேண்டிய கேமரா. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது மூன்றுமே சின்னதாகத்தான் தெரியும். அதனால் கடைக்குப் போகும்போது வழக்கமாக அணியும் உடையிலேயே போங்கள். பாக்கெட்டில் போட்டுப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு. ரிக்கோவிலும் ஃபூஜியிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு, ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். சோனியில் இருப்பது ஒரு இன்ச் சென்சார் எனப்படும் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர் துண்டு. பரப்பளவில் முன்னது பின்னதைப் போல மூன்று மடங்கு. இரவில், மங்கிய விளக்கில், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) ஏறும்போது இந்த மூன்று மடங்கு கண்ணுக்குத் தெரியும்; நிழல் பகுதிகளை கணினியில் கொஞ்சம் வெளிச்சப்படுத்தினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2012-இல் முதல் ஆர்எக்ஸ்100 வந்தபோது ஒரு இன்ச் சென்சார் போனுக்கு எட்டாத உயரம். 2022-இல் ஷாவ்மி தன் போனுக்குள்ளேயே ஒரு இன்ச் சென்சாரை வைத்துவிட்டது. அந்த அளவு சென்சார் இல்லாத போன்களும் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி இருட்டைச் சமாளிக்கின்றன. ஆக, அகலக் கோணத்தில் சோனி எடுக்கும் படத்துக்கும் நல்ல போன் எடுக்கும் படத்துக்கும் இடையே முன்பு இருந்த இடைவெளி இப்போது இல்லை. சோனியை வாங்கி 24 மில்லிமீட்டரிலேயே (இது லென்ஸின் பார்வை அளவு; எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரம் நெருங்கும்) வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பணம் வீண்.

ஆனால் அதே சோனியின் ஜூமை நீட்டுங்கள், கதை மாறிவிடும். 24-இலிருந்து 200 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸை இவ்வளவு சின்ன உடலுக்குள் மடித்து வைத்திருப்பது பெரிய சாதனை. மேடையில் ஆடுபவரின் முகம், கோபுரத்தின் மேல்தட்டுச் சிற்பம், மைதானத்தின் மறுமுனையில் ஓடும் குழந்தை: இதெல்லாம் ரிக்கோவுக்கும் ஃபூஜிக்கும் எட்டாது, வெட்டி எடுத்தாலும் ஆகாது. நொடிக்கு 20 படம், அதுவும் திரை கறுக்காமல். கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் துரத்தும் ஃபோகஸ் இந்த மூன்றில் சோனியிடம்தான் சிறந்தது. மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வராது. ஒற்றை அழுத்தத்தில் மேலெழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் உண்டு.

விலையாகக் கொடுப்பது வெளிச்சத்தை. அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) 24-இல் எஃப் 2.8 என்று தொடங்கி, கடைசியில் எஃப் 4.5-க்குப் போய்விடுகிறது. சின்ன சென்சார், சின்ன அப்பர்ச்சர், இரண்டும் சேர்ந்தால் மாலை மங்கியதும் சோனிக்குக் கஷ்டம்தான். பின்னணி கரைந்து போகும் படங்களையும் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பகலில் வெளியே நடப்பவற்றைத் தூரத்திலிருந்து எடுப்பவருக்கு இது நல்ல துணை; வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவருக்கு அல்ல.

இனி ரிக்கோ. ஜூம் இல்லை, வியூஃபைண்டர் இல்லை, உள்ளே ஃப்ளாஷ் இல்லை, திரை திரும்பாது, 4கே வீடியோ கிடையாது. இல்லாதவற்றின் பட்டியலைப் படித்தால் யாரும் வாங்க மாட்டார்கள். இருப்பது என்னவென்றால் 28 மில்லிமீட்டர் பார்வை கொண்ட எஃப் 2.8 லென்ஸ் ஒன்று (3எக்ஸில் 40 மில்லிமீட்டர்), ஒரு நொடிக்குள் தயாராகும் வேகம், அப்புறம் ஸ்னாப் ஃபோகஸ்.

ஸ்னாப் ஃபோகஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ரிக்கோவை வாங்குவதற்கான காரணமே அதுதான். ஒரு தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடுகிறோம்: 1 மீட்டர், 1.5, 2, 2.5 என்று. பிறகு ஷட்டர் பொத்தானைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா ஃபோகஸ் தேடாமல் அந்தத் தூரத்துக்கு லென்ஸை வைத்து உடனே படம் எடுத்துவிடும். 28 மில்லிமீட்டர் ரிக்கோவில் அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்து 2 மீட்டருக்குக் குறித்தால், சுமார் 1 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை எல்லாமே ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். நாம் குறிபார்க்க வேண்டியதே இல்லை. தெருவில் எதிரே வருபவர் சிரிக்கிறார், கை தானாக அழுத்துகிறது, படம் விழுந்துவிடுகிறது. எந்த ஃபோகஸ் எஞ்சினும் இதைவிட வேகமாக இருக்க முடியாது, ஏனென்றால் இங்கே தேடலே நடப்பதில்லை. போனில் இதற்கு நிகராக ஒன்றைக் காட்டுவது கடினம். இருட்டில் ரிக்கோவின் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பது பரவலான குறை; ஸ்னாப் ஃபோகஸ் பழகியவருக்கு அந்தக் குறை பாதியாகிவிடும்.

ஒற்றைக் கையால் இயக்க முடிகிறது என்பதும் சின்ன விஷயமல்ல. பொத்தான்கள் எல்லாம் வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. மறுகையில் பை இருந்தாலும், குழந்தையின் கை இருந்தாலும், படம் எடுக்கலாம்.

குறைகள் இரண்டு உண்மையானவை. பேட்டரி ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 200 படங்கள் என்று நிறுவனமே சொல்கிறது. உபரி பேட்டரி ஒன்றாவது வாங்கியே ஆக வேண்டும். மற்றொன்று தூசி. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ், தூசிக் காப்பு இல்லாத உடல், பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் பஞ்சு நூல்: மூன்றும் சேர்ந்தால் சென்சாரில் புள்ளி விழும் வாய்ப்பு எப்போதும் உண்டு. லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமே துடைக்கவும் முடியாது. சிறு துணிப்பை ஒன்றில் போட்டு, பிறகு பாக்கெட்டில் வைப்பது நல்ல பழக்கம். 2025-இல் வந்த ஜிஆர் 4 உள் நினைவகத்தை 2 ஜிபியிலிருந்து 53 ஜிபியாக உயர்த்தியிருக்கிறது, நடுக்கக் கட்டுப்பாட்டையும் மேம்படுத்தியிருக்கிறது. ஆனால் அடிப்படைக் குணம் மாறவில்லை.

ஃபூஜிக்கு வருவோம். இதை வாங்குபவர்களில் பலர் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, கையில் எடுக்கத் தூண்டும் கேமராதான் அதிகம் பயன்படும். ஆனால் அதன் உண்மையான பலம் வியூஃபைண்டரில் இருக்கிறது. முகப்பில் உள்ள சிறு நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் சாதாரணக் கண்ணாடி வழியாக உலகத்தை நேரடியாகப் பார்க்கிறோம். நடுவே வெள்ளைக் கோடுகளாகச் சட்டம் மிதக்கிறது. இன்னொரு முறை தள்ளினால் அதே துளையில் எலக்ட்ரானிக் திரை வந்துவிடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரிகிறது. சைக்கிள் ஒன்று இடப்பக்கமிருந்து வருகிறது, இன்னும் கோட்டைத் தொடவில்லை, தொடும்போது அழுத்தினால் போதும். திரையில் இது பொதுவாகக் கிடைக்காது. திரை பெரும்பாலும் சட்டத்துக்கு உள்ளே இருப்பதை மட்டுமே காட்டும். சுட்டெரிக்கும் வெயிலில் திரையைப் பார்க்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும். ஒன்று மட்டும்: மிக அருகில் உள்ளதை எடுக்கும்போது கண்ணாடிப் பார்வை லென்ஸின் பார்வையிலிருந்து விலகும், அப்போது எலக்ட்ரானிக்குக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

லென்ஸ் 35 மில்லிமீட்டர் பார்வை, எஃப் 2. ரிக்கோவைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. சென்சாரையே அசைத்து நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இந்த வரிசையில் முதல்முறையாக இந்த ஆறாவது கேமராவில்தான் வந்தது. 40 மெகாபிக்சலின் பயன் வெட்டி எடுப்பதில் தெரிகிறது: 50 மில்லிமீட்டர் பார்வைக்கு வெட்டினாலும் சுமார் 20 மெகாபிக்சல் மிஞ்சும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தம் மிகக் குறைவு. தேவைப்படும்போது வெளிச்சத்தை நான்கு படி குறைக்கும் வடிகட்டியும் உள்ளே இருக்கிறது. கிளாசிக் குரோம், அக்ரோஸ் போன்ற ஃபிலிம் வண்ணங்கள் கேமராவிலேயே தயாராவதால் கணினி முன் உட்காரும் நேரம் மிச்சமாகிறது. மூன்றிலும் நேராக ஜேபெக் எடுத்து அப்படியே பகிர நினைப்பவருக்கு ஃபூஜிதான் என் பரிந்துரை. மழைத்தூறல் தாங்கும் என்பார்கள்; அது தனியாக வாங்கும் வளையமும் ஃபில்டரும் முகப்பில் போட்ட பிறகுதான்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது முக்கியமென்றால் ரிக்கோவை விட்டுவிடுங்கள். தன்னைத்தானே படம் பிடிப்பவருக்கு மேலே மடங்கும் திரையும் மைக் துளையும் உள்ள சோனி பொருந்தும். கேனன் ஜி7எக்ஸ் மூன்றாம் பதிப்பும் பொருந்தும், அதன் லென்ஸ் 100 மில்லிமீட்டரோடு நின்றாலும் எஃப் 1.8-இல் தொடங்கி 2.8-க்குள் முடிகிறது என்பதால் வீட்டுக்குள் அதுவே மேல். லைகா க்யூ3, ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய முழு ஃபிரேம் சென்சாரோடு அற்புதமான படம் தரும், ஆனால் 743 கிராம் எடையை காம்பாக்ட் என்று என்னால் கருத முடியவில்லை.

எனக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரிக்கோ 3எக்ஸ். என் படங்களில் பெரும்பாலும் மனிதர்கள் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள், அதற்கு 40 மில்லிமீட்டர் சரியாக அமைகிறது. அகலக் கோணத்துக்கு போன் இருக்கவே இருக்கிறது. உங்கள் தூரம் எது என்று தெரியாவிட்டால் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மில்லிமீட்டர் பார்வை கொண்டது. ஜூமை 1.1-இல் வைத்தால் ஏறத்தாழ 28, 1.4-இல் 35, 1.6-இல் 40. ஒரு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு வேறு எதற்கும் மாற்றாமல் எடுத்துப் பாருங்கள். எந்த வாரம் கால்கள் குறைவாக முன்னும் பின்னும் நடந்ததோ அதுதான் உங்களுடையது.

கேமரா கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, அதற்கு நேர் எதிரே கேமராவை அசையாமல் வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாம் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று தெளிவாகவும் ஒன்று மட்டும் குழைந்தும் இருந்தால், கேமரா கோணலாக நின்றதா என்று பார்த்து இன்னொரு முறை எடுங்கள். மறுபடியும் அதே மூலை என்றால் உள்ளே லென்ஸ் சாய்ந்திருக்கிறது. அடுத்து, அப்பர்ச்சரை முடிந்தவரை மூடி, ஃபோகஸைக் கலைத்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கருமையான புள்ளி தெரிந்தால் அது சென்சார் மேல் உள்ள தூசி. சோனியில் இதை ஜூமின் இரு முனைகளிலும் செய்ய வேண்டும். புள்ளி இருந்தால் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாமல் வேறு கேமரா கேளுங்கள்.