கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் ஆப்: ஓவியத்த அதோட அசல் அளவுல வீட்லயே பாக்கலாம்

ஓவியம்னா உசுரு, ஆனா ஆம்ஸ்டர்டாம், வியன்னான்னு போய்ப் பாக்க வழியில்லன்னு இருக்கிறவங்களுக்காக எழுதுறேன். நான் தக்கலை பக்கம். எங்களுக்கு கிட்டத்துல பெரிய மியூசியம்னா திருவனந்தபுரந்தான், ரவிவர்மா படங்கள பஸ் ஏறிப் போனா நேர்லயே பாத்துட்டு வந்துரலாம். மத்த ஊரு ஓவியத்துக்கு நான் நம்பியிருக்கிறது இந்த ஆப்தான். ஃப்ரீ, ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் இருக்கு. அதுல ஏஆர்ல (போன் கேமராவுல தெரியிற நம்ம ரூமுக்குள்ளயே படத்தக் கொண்டு வந்து காட்டுற முறை) வர்ற ஆர்ட் ப்ரொஜெக்டர், பாக்கெட் கேலரி இந்த ரெண்டப் பத்தி மட்டும் சொல்றேன், செல்ஃபிய ஓவியமா மாத்துறதெல்லாம் சும்மா நேரம்போக்கு.

ஆர்ட் ப்ரொஜெக்டர் ஓவியத்த அதோட அசல் அளவுலயே நம்ம ரூம்ல கொண்டு வந்து நிறுத்துது. எனக்கு பெருசாப் பட்டது இதுதான். புக்குலயும் கேலண்டர்லயும் எல்லா ஓவியத்தையும் ஏறக்குறைய ஒரே அளவுலதான பாத்து வளந்திருக்கோம், எது சின்னது எது பெருசுன்னு மனசுல ஒரு கணக்கே இருக்காது. டச்சு ஓவியர் வெர்மீர் வரஞ்ச முத்துக் கம்மல் போட்ட பொண்ணு படம் 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம், நம்ம பூஜை ரூம்ல மாட்டுற சாமி படம் அளவுதான். அண்ணன் மவ பாத்துட்டு "அத்தை, இவ்ளோ சின்னதா?"ன்னு கேட்டா. "ஆமா மக்ளே, இன்னும் கிட்டப் போய்ப் பாரு"ன்னேன். கிட்டப் போனாத்தான் தெரியுது, அந்த முத்துக்கு கொக்கியே கிடையாது, மேல வெளிச்சம் பட்ட இடத்துல வெள்ளையா ஒரு தீத்தல், கீழ சட்டைக் காலரோட வெள்ளை மங்கலா பிரதிபலிக்கிற மாதிரி இன்னொண்ணு, அவ்ளோதான், மீதி முத்த நம்ம கண்ணு தானா சேத்துக்கிடுது. பின்னாடி இருக்கிற கருப்பு கூட மொதல்ல பச்சைத் திரைச்சீலையாத்தான் இருந்துச்சாம், நெதர்லாந்துல ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துல 2018ல படத்த ஸ்கேன் பண்ணி ஆராய்ஞ்சதுல தெரிய வந்தது, வெறும் கண்ணுக்குத் தெரியாத இமை முடியும் அதுலதான் கண்டுபிடிச்சாங்க. இப்படி ஒண்ணு ரெண்ட முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏஆர்ல பாருங்க, பாக்குறதே வேற மாதிரி ஆயிரும்.

பாக்கெட் கேலரி இன்னும் ஒரு படி மேல. தரையில ஒரு கேலரியவே வச்சு, உள்ள நடந்து போற மாதிரி பாக்கலாம். 2018 டிசம்பர்ல மொதல்ல வந்தது வெர்மீர் கேலரி, அவர் வரஞ்சதா சொல்ற 36 படமும் ஒரே எடத்துல. 2023ல ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் நடத்துன பெரிய கண்காட்சியிலயே 28 படந்தான் சேத்து வைக்க முடிஞ்சுதுன்னா பாத்துக்கோங்க. பாஸ்டன் கார்ட்னர் மியூசியத்துல 1990ல திருட்டுப் போய் இன்னைக்கு வரை கெடைக்காத 'கச்சேரி' படமும் இந்த 36ல உண்டு, அத இனி நெசத்துல எவராச்சும் பாப்பாங்களான்னே தெரியாது, அது முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். ஆஸ்திரியா ஓவியர் கிளிம்ட்டுக்கும் ஒரு கேலரி வந்திருக்கு. அவரோட 'முத்தம்' 180 செ.மீ.க்கு 180 செ.மீ., வெர்மீர் படத்தப் பாத்த கையோட அதப் பாத்தா ஆள் உயரத்துக்கு சுவர அடைச்சுக்கிட்டு நிக்கும்.

இனி கஷ்டத்தையும் சொல்லணும்லா. எந்த ஏஆரா இருந்தாலும், கேமராவும் போன்ல இருக்கிற சென்சாரும் சேந்து, தரையில தெரியிற புள்ளி, கோடு, மூலைய அடையாளமா வச்சுத்தான் எது தரைன்னு கண்டுபிடிக்குது. பளபளன்னு வெள்ளை டைல்ஸ் போட்ட ஹாலா இருந்தா தேடிக்கிட்டே கெடக்கும், சாயங்காலம் மங்கின வெளிச்சத்துல சொல்லவே வேண்டாம். கோடு போட்ட கோரப்பாய் ஒண்ண விரிச்சுப் போட்டேன், ஒடனே புடிச்சுக்கிட்டு. பகல்ல ஜன்னலத் திறந்து வச்சுப் பாருங்க. ஆண்ட்ராய்டுன்னா போன் ஏஆர்கோர் (ஏஆர் ஓடுறதுக்கான கூகுள் சாஃப்ட்வேர்) சப்போர்ட் பண்ணனும், ரொம்பப் பழைய போன்ல ஓடாது. கேலரி டவுன்லோடுக்கு வைஃபை நல்லது, சார்ஜும் வேகமா இறங்கும்.

இத மியூசியத்துக்குள்ள வச்சுப் பாக்குறத விட, போறதுக்கு முன்னாடி வீட்ல பாக்குறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ஒரு மியூசியத்துல, பேரு வேண்டாம், படத்துக்குப் படம் க்யூஆர் கோடு ஒட்டி வச்சிருந்தாங்க, உள்ள டவரே எடுக்கல, பிள்ளைங்க எல்லாம் லோடிங் சுத்துறதப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க, சுவர்ல அசல் படம் சும்மா தொங்குது. வயித்தெரிச்சலா இருந்துச்சு.

எனக்கு பெரிய ஆசை ஒண்ணு உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல, பாத்துக்கிறது கேரள அரசு. உப்பரிக்கை மாளிகையோட மேல் மாடியில சுவர் நெறய மூலிகை நிறத்துல வரஞ்ச சுவரோவியங்க இருக்கு, சுத்திப் பாக்க வர்றவங்கள அதுவரைக்கும் ஏற விடுறதில்ல, பழைய மரக் கட்டடம், ஓவியமும் பழசு, அது நியாயந்தான். அந்தச் சுவர்கள அசல் அளவுல ஏஆர்ல குடுத்தா கீழ முற்றத்துல நின்னே பாத்துரலாம். உள்ள இருக்கிற கருப்புத் தரை கண்ணாடி மாதிரி மின்னும், அங்க போன் திணறும், அதனால முற்றம்னே சொல்றேன். விளக்கம் ஆடியோவா தமிழ், மலையாளம் ரெண்டுலயும் வேணும், அங்க வர்ற கூட்டத்துல ரெண்டு பேச்சும் சரிபாதி கேக்கும்.