டியூபா, டியூப்லெஸ்ஸா? செம்பனை முள்ளைக் கேளுங்கள்

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்தி ஒரு ஞாயிறு. ஒன்பது பேர் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து காலை 7 மணிக்கு சைக்கிளில் கிளம்பினோம். (ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வருஷக்கணக்காகிறது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் செம்மண் பாதையாகவே போய், புக்கிட் ரோத்தானில் பசியாறிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பசியாற உட்கார்ந்தபோது மணி 10.40. ரொட்டி சானாய் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வழியில் மூன்று பஞ்சர். மூன்றும் என் சைக்கிள். அதில் இரண்டு, ஒரே முள்ளால் வந்தவை. மச்சான் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த வாரமே டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு டியூப்லெஸ்ஸுக்கு மாறினேன், அதாவது டியூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காற்று நிற்கும் வகை. ஆகவே என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

விலையில் டியூப்தான் மலிவு. ஒன்று 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஒட்டுப் போட்டால் அதுவும் மிச்சம். டியூப்லெஸ்ஸுக்கு ரிம் டேப், வால்வு, சீலண்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்), கூலி எல்லாம் சேர்த்து இரண்டு சக்கரத்துக்கும் 160 வெள்ளி ஆனது. டயரும் ரிம்மும் ஏற்கெனவே அதற்குத் தோதான வகை என்பதால் அதோடு போயிற்று. இல்லையென்றால் கணக்கு வேறு. எடை குறைவதைப் பற்றியும் சிலர் பேசுவார்கள். காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிடுகிற நாங்கள் அதைப் பேசக் கூடாது.

ஓட்டும் சுகம் கொஞ்சம் கூடியிருக்கிறது. என்னுடையது 40 மில்லிமீட்டர் கிராவல் (மண், சரளைப் பாதைக்கான) டயர், ஆள் 84 கிலோ. டியூப் இருந்தபோது காற்றழுத்தத்தை 45 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கினால் பயம். கல்லில் மோதியதும் டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். இப்போது 32 வைத்து ஓட்டுகிறேன். முதுகு நன்றி சொல்கிறது.

ஆனால் நான் மாறியது முள்ளுக்காக. செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள். குலை அறுக்கும்போது மட்டையையும் வெட்டித் தள்ளுவார்கள். மர வரிசைக்கு நடுவே அடுக்கினாலும் துண்டு துணுக்கு பாதையில் கிடக்கத்தான் செய்யும். டிராக்டர் ஏறி நொறுக்கும், மழை பெய்தால் சேற்றில் புதையும், கண்ணுக்குத் தெரியாது. டயரில் ஏறியதும் நுனி ஒடிந்து ரப்பருக்குள் நின்றுவிடும். வெளியே தடவினால் வழவழவென்றிருக்கும். புது டியூப் போட்டுக் காற்றடித்து 200 மீட்டர் போனதும் மறுபடி ‘உஸ்ஸ்’. அன்றைக்கு எனக்கு நடந்தது அதுதான். அவசரத்தில் விரலால் மட்டும் தடவிப் பார்த்தேன், தப்பிவிட்டது. டியூப்தான் என்கிறவர்கள் ஒரு பழைய துணியையோ பஞ்சையோ டயரின் உள்பக்கம் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். பதினைந்து நிமிஷ வேலை. செம்பனைக் காட்டுக் கொசுவுக்கு அது பசியாறும் நேரம்.

டியூப்லெஸ்ஸில் முள் ஏறினால் ஒரு சொட்டு வெள்ளையாகக் கசியும், சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் அடைபடும். பெரும்பாலும் ஏறியதே தெரியாது. போன மாதம் பின் டயரைக் கழற்றியபோது உள்பக்கம் ஐந்து முள் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குக்கூட நான் இறங்கி நின்றதில்லை.

அந்த வெள்ளைத் திரவம், அதாவது சீலண்ட், பல பிராண்டுகளில் ரப்பர் பால்தான். உறையாமலிருக்க அம்மோனியா கலந்திருப்பார்கள். என்னுடைய பாட்டிலைத் திறந்ததும் பாட்டியின் வாளி வாசம். பாட்டி பால்மரம் வெட்டியவர். 1888இல் டன்லப் சைக்கிளுக்குக் காற்று டயர் செய்ததில் தொடங்கிய ரப்பர் பசிதான் கடைசியில் எங்கள் ஆட்களைக் கப்பலேற்றி இந்தத் தோட்டத்தில் கொண்டு வந்து விட்டது. இப்போது மரமெல்லாம் செம்பனையாகிவிட்டது. பேரன் காசு கொடுத்துப் பால் வாங்கி டயரில் ஊற்றுகிறான். எங்கள் கூட்டத்தில் சீலண்ட் என்று யாரும் சொல்வதில்லை, “பால் ஊத்தியாச்சா?” என்றுதான் கேட்போம். காலங்காத்தாலே வாசலில் நின்று அப்படிப் பேசாதே என்று அம்மா திட்டுவார். இழவு வீட்டுப் பேச்சாம்.

தொல்லையும் இந்தப் பாலில்தான். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து, டயருக்குள் ஒட்டுப்பால் மாதிரி சுருண்டு கிடக்கும். காய்ந்த டயர் முள்ளைத் தடுக்காது. மறக்காமலிருக்க நான் அமாவாசைக் கணக்கு வைத்திருக்கிறேன். வீட்டில் சைவம் சமைக்கும் நாள் எப்படியும் தெரிந்துவிடும். ஒன்று விட்டு ஒரு அமாவாசைக்குச் சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குவேன். ‘சளக்’ என்றால் சரி. சத்தமில்லையென்றால் வால்வின் உள்ஊசியைக் கழற்றி 60 மில்லி ஊற்றுவேன். ஊசியிலேயே பால் உறைந்து காற்று ஏறாமல் போவதும் உண்டு, உதிரி ஒன்று கையில் இருக்கட்டும்.

முதல் தடவை டயரை ரிம்மில் உட்கார வைப்பது பெரும்பாலும் கைப்பம்பால் நடக்காத காரியம். நான் கொடுத்த கடையில் ரிம் டேப்பைத் தளர்வாக ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் இரண்டு சக்கரமும் சப்பை. பிறகு டேப்பை நானே இழுத்து ஒட்டி, எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையிலுள்ள மோட்டார் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மோட்டார் பம்பு மெல்லிய சைக்கிள் வால்வில் மாட்டாது, சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். தௌக்கே (கடை முதலாளி) கம்ப்ரசரை வைத்ததும் ‘டப், டப்’ என்று இரண்டு வெடி, டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. கடை நாய் ஓடியே போய்விட்டது.

வீட்டு சைக்கிள் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. மனைவி மாதம் ஒரு தடவை ஓட்டினால் அதிகம். மற்ற நாளெல்லாம் போர்ச்சில் நிற்கிற சைக்கிளில் பால் ஒரு பக்கமாகத் தேங்கிக் காயும், காசுக்குப் பிடித்த கேடு. அவருக்கும் சின்னவனின் 20 இஞ்ச் சைக்கிளுக்கும் டியூப்தான். வாரா வாரம் தோட்டத்துக்குள் போகிறவனுக்குத்தான் என் பரிந்துரை.

தார்ச் சாலையில் மட்டும் 28 மில்லிமீட்டர் டயரில் பறக்கிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அதை ஓட்டியதில்லை. எங்களில் ஒருவர் போட்டுப் பார்த்தார். கண்ணாடித் துண்டு கிழித்ததும் அந்த அழுத்தத்தில் பால் அடைக்காமல் முதுகெல்லாம் பீய்ச்சியடித்தது. பழையபடி டியூப் போட்டுக்கொண்டார். எனக்கும் அப்படியொரு கிழிசல் வரலாம். அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு டியூப் இன்னமும் சுருட்டி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை எடுத்தேன், இரண்டும் மச்சான் சைக்கிளுக்கு.