கோஸ் மலிந்த வாரத்துக்கு ஒரு ஸ்லைசர்: வி வடிவ பிளேடு பலகை, ஒரு விமர்சனம்

தள்ளுவண்டியில் ‘ரெண்டு காய் முப்பது’ என்று கூவுகிற வாரங்களில் வீட்டில் மூன்று கிலோ முட்டைகோஸ் சேர்ந்துவிடும். அத்தனையையும் பொரியலாகவே தள்ளினால் மூன்றாம் நாள் தட்டோரம் ஒதுங்கும். பக்கோடா, வறை (யாழ்ப்பாணத்துத் தேங்காய்ப் பொரியல்), கூட்டு, துவையல், புளிக்க வைத்த கோஸ் என்று பிரித்துப் போட்டால் தீரும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடிமன் இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பக்கோடா கல்லாகும், பொரியல் தண்ணீர் விடும். கத்தியில் அந்த அளவை ஒரு காய் முழுக்கப் பிடிப்பது சமையல்காரர் கைக்குத்தான் வரும். வீட்டுக்கு வி வடிவ பிளேடு ஸ்லைசர் போதும்: ஆங்கில V எழுத்துப் போல பிளேடு பதித்த, காயை மேலே தள்ளிச் சீவுகிற பலகை. 600 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

சிப்ஸ் சீவும் பழைய பலகையில் பிளேடு குறுக்கே நேராக இருக்கும். உருளைக்கிழங்குக்கு அது சரி. கோஸ் அடுக்கடுக்கான இலை என்பதால் நேர் பிளேடு முதல் இலையை வெட்டாமல் தள்ளி மடக்கிவிடும். வி வடிவத்தில் பிளேடு இரண்டு பக்கமும் சாய்ந்திருப்பதால் இலையில் இழுத்து அறுக்கிறது. ஜெர்மனியில் கோஸை உப்பில் புளிக்க வைக்கவென்றே செய்யும் நீளமான மரப்பலகையிலும் இரண்டு மூன்று பிளேடுகளைச் சாய்வாகத்தான் பதித்திருப்பார்கள். காரணம் இதேதான்.

நிறைய பேர் ‘கோஸ் உதிர்ந்து போகிறது’ என்று குறை சொல்லி ஸ்லைசரைப் பரணில் போடுவது, நடுத்தண்டை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுவதால்தான். இலைகளைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தண்டு. காயை நான்காகப் பிளந்து, தண்டை அப்படியே விடுங்கள். ஒரு கிலோ காயின் கால் துண்டு ஏழு, எட்டு செ.மீ. அகலம் இருக்கும், ஒன்பது செ.மீ. பலகையில் அடங்கும். உச்சிப் பக்கம் கூர்மையாக இருப்பதால் பலகையில் ஆடும். அதில் இரண்டு செ.மீ. கத்தியால் வெட்டித் தட்டையாக்கிக்கொண்டு, உச்சி கீழே, தண்டு கைக்குள் வருகிற மாதிரி நிறுத்திச் சீவ வேண்டும். தண்டு கைப்பிடியாகிவிடும். கடைசி நான்கு செ.மீ. வந்ததும் நிறுத்திவிடுங்கள், மிச்சத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

விரல் பிளேடில் படாமலிருக்கக் கூடவே தருகிற கைக்காப்பு கோஸுக்கு உதவாது. துண்டு உயரமாக இருப்பதால் அது பலகையின் ஓரத் தடத்தில் உட்காரவே உட்காராது. வெட்டுப்படாத கையுறை 200 ரூபாய்க்குக் கிடைக்கும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கருவியின் விலையைக் கணக்கிட வேண்டும். இந்தப் பிளேடு வெட்டினால் வலி தெரிவதற்கு முன்பே ரத்தம் தெரியும்.

தடிமனை மாற்றும் குமிழ் 1 முதல் 9 மி.மீ. வரை நகரும். கோஸுக்கு வேண்டியது 1, 2, 3 மட்டும்தான். அதற்கு மேல் கத்தியே போதும்.

3 மி.மீ. பொரியலுக்கு. அரைக் கிலோவுக்கு வாய் அகன்ற கடாயில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கோஸைப் போட்டு, மூடாமல், தண்ணீர் தெளிக்காமல், கொஞ்சம் தூக்கலான தீயில் ஆறேழு நிமிடம் கிளற வேண்டும். உப்பு கடைசி இரண்டு நிமிடத்தில். முதலிலேயே போட்டால் தண்ணீர் இறங்கி, வதங்க வேண்டியது வேக ஆரம்பிக்கும். கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதை மறக்கக் கூடாது. வேகும் நேரம் ஏற ஏற அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உடைந்து அந்த நாற்றம் கிளம்பும். பலருக்கும் கோஸ் பிடிக்காமல் போவதற்குக் காரணம் காயல்ல, குக்கரில் விட்ட விசில்.

யாழ்ப்பாணத்துக் கோவா வறைக்கு (அங்கே கோஸுக்குக் கோவா என்று பெயர்) 2 மி.மீ. வைத்து, சீவியதைக் கத்தியால் குறுக்கே ஒரு தரம் கொத்திவிட வேண்டும். தேங்காய்ப்பூ, மஞ்சள், பச்சை மிளகாய் சேர்ந்து எல்லாம் ஒரே பதத்தில் நிற்கும்.

பக்கோடாவுக்கும் 2 மி.மீ.தான். இங்கேதான் ஸ்லைசர் தன் காசைத் திருப்பித் தருகிறது. கால் கிலோ கோஸுக்கு 100 கிராம் கடலை மாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, ஒரு வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, மிளகாய்த்தூள். முதலில் கோஸிலும் வெங்காயத்திலும் முக்கால் டீஸ்பூன் உப்பைப் போட்டுப் பிசறி ஐந்து நிமிடம் விட வேண்டும். கையில் எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் கசியும். அந்த ஈரத்திலேயே மாவைத் தூவிப் பிசற வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மாவு கோஸ் மேல் படலமாக ஒட்டியிருந்தால் பதம் சரி. கூழாகத் திரண்டால் கெட்டது. பிசறியதைக் கால் மணி நேரம் வைத்துவிட்டால் தண்ணீர் இறங்கித் தளரும், உடனே கை மாவு டப்பாவுக்குப் போகும், அங்கேயே பக்கோடா போண்டாவாகிவிடும். எண்ணெய் காய்வதற்குள் பிசறி, உதிர்த்துப் போட்டு, நடுத்தீயில் எடுத்தால் ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும். தடித்த துண்டாக இருந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாகவே இருக்கும்.

புளிக்க வைக்கவும் அதே 2 மி.மீ. சீவிய பிறகு எடை போட்டு, ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு. நம் கோடைக்கு 25 கிராம் வரை போகலாம். ஐந்து முதல் எட்டு நிமிடம் கையால் கசக்கினால், பிழியும்போது நீர் தாரையாக ஒழுகும். ஒன்றரை லிட்டர் கண்ணாடி பாட்டிலில் அழுத்தி அடைத்து, மேலே மூன்று செ.மீ. இடம் விட்டு, வெளி இலை ஒன்றை மடித்து வைத்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலைப் பாரமாக வைக்க வேண்டும். கோஸ் நீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது, காற்றுப் பட்ட இடத்தில்தான் பூஞ்சை ஏறும். இரண்டாம் நாள் குமிழி வரும். மூடி இறுக்கமாக இருந்தால் தினம் ஒருமுறை திறந்து மூட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் நான்காம் நாள் ருசி பார்த்து, ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் ஃப்ரிட்ஜுக்கு மாற்றலாம். ஊட்டிக் குளிரில் இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். 1 மி.மீ. சீவினால் கொழகொழத்துவிடும், 5 மி.மீ. என்றால் போதிய நீர் விடாது. மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் வழித்துவிடலாம். பஞ்சு போல் பூஞ்சை பூத்தாலோ, வழவழப்பாகிக் கெட்ட வாடை வந்தாலோ முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் தயிர்சாதத்துக்கு மோர் மிளகாயைத் தேட வேண்டாம்.

1 மி.மீ. சாலட்டுக்கு மட்டும். அதற்காகவே ஒரு ஸ்லைசர் தேவையா என்றால் தேவையில்லை.

மிச்சம் வைத்த தண்டு நினைவிருக்கட்டும். வெளித்தோலைச் சீவிவிட்டு நறுக்கி, கொஞ்சம் இலையும் சேர்த்து 200 கிராம் எடுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் உளுந்து, நான்கு காய்ந்த மிளகாய் வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் கோஸை ஓரம் சிவக்கும்வரை வதக்கி, நெல்லிக்காயில் பாதி புளி, இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காயுடன் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். ஈரம் வற்றாமல் அரைத்தால் சட்னியாகிவிடும்.

மற்ற கருவிகளை வைத்துப் பார்த்தால், கயிறு இழுக்கிற சாப்பர் கோஸுக்கு ஏற்றதல்ல. அரை லிட்டர் கிண்ணத்தில் நூறு கிராம்தான் கொள்ளும், ஒரு கிலோவுக்குப் பத்து தடவை நிரப்ப வேண்டும். அடியில் கூழாகவும் மேலே முழுத் துண்டாகவும் நிற்கும். கோஸ் வடைக்கும் பராத்தா பூரணத்துக்கும் மட்டும் சரி, அதுவும் உப்பிட்டுப் பிழிந்தால். ஃபுட் பிராசசரின் சீவும் தட்டு வேகத்தில் எல்லோரையும் வென்றுவிடும். ஆனால் ஜாடி, மூடி, தட்டு, தள்ளுகோல் என்று கழுவுவதை எண்ணினால் இரண்டு கிலோவுக்குக் குறைவாக அதை வெளியே எடுப்பது வீண். அரிவாள்மணையில் பழகிய கைக்கு ஸ்லைசர் பொரியலுக்குத் தேவையே இல்லை. பக்கோடாவுக்கும் புளிக்க வைப்பதற்கும்தான் வித்தியாசம் தெரியும்.

மூன்று கிலோவையும் அன்றே சீவ வேண்டிய அவசியமில்லை. முழுக் காயை வெளி இலையோடு, கழுவாமல், கவரில் சுற்றி ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். வெட்டியது ஒரு வாரம்தான். ஃப்ரீசரில் போடுவதானால் சீவியதைக் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் ஆற்றி, பிழிந்து தட்டையாக அடைக்க வேண்டும். பிறகு அது கூட்டுக்கும் சூப்புக்கும்தான் ஆகும்.

வாங்கும்போது கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். குமிழை 2-ல் வைத்துப் பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். இறங்கிக் கொடுத்தால் கோஸ் தள்ளும் வேகத்தில் தடிமன் தானாக மாறிக்கொண்டே போகும், அதை வாங்க வேண்டாம். அடியில் ரப்பர் கால் இருக்க வேண்டும். பிளேடு தனியாகக் கழன்று, மாற்று பிளேடு கிடைக்கிற மாடலாக இருந்தால் நல்லது. வி வடிவத்தை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. சீவி முடித்த கையோடு குழாயடியில் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பிளேடின் முதுகிலிருந்து கூர்ப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் வி-யின் மூலையில் கோஸ் நார் ஒட்டிக்கொள்ளும், அதை விரலால் நோண்டப் போய்த்தான் பாதிப் பேர் கையை வெட்டிக்கொள்கிறார்கள்.