கேம் பட்டமா, கணினி அறிவியலா? கோலாலம்பூர், பினாங்கு மாணவர்களுக்கு ஓர் அலசல்

கேம் புரோகிராமர் ஆவது என்று முடிவெடுத்துவிட்ட மாணவர் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். ஒரு பக்கம், பெயரிலேயே ‘கேம்’ இருக்கும் பட்டம். புக்கிட் ஜாலிலில் ஏ.பி.யூ. தனியார் பல்கலைக்கழகம் தரும் கம்ப்யூட்டர் கேம்ஸ் டெவலப்மென்ட், சைபர்ஜெயாவில் எம்.எம்.யூ. தனியார் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலுக்குள் இருக்கும் கேம் டெவலப்மென்ட் பிரிவு போன்றவை. மறுபக்கம், அரசுப் பல்கலைக்கழகங்களான மலாயாவிலோ பினாங்கு யு.எஸ்.எம்.மிலோ கணினி அறிவியல் படித்துக்கொண்டே கேம் வேலையைத் தானாகக் கற்றுக்கொள்வது.

முதலில் வேலைச் சந்தையைப் பார்த்துவிடலாம். பெரிய ஸ்டூடியோக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனமான பண்டாய் நாம்கோ ஸ்டூடியோஸ் 2016இல் இங்கே கிளை திறந்தது, லேரியனுக்கும் கோலாலம்பூரில் கிளை உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டூடியோ 2020இல் வந்தது. ஃபைனல் ஃபேன்டசி 15 கேமில் பணியாற்றிய வான் ஹஸ்மர் 2017இல் தொடங்கிய மெட்ரோனாமிக், 2020இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் என்ற கேமை வெளியிட்டது. லெமன் ஸ்கை, பேஷன் ரிபப்ளிக், ஸ்ட்ரீம்லைன் ஆகியவையும் இங்கேதான். ஆனால் இந்த ஊர் உலக அளவில் பெயரெடுத்தது முதலில் கலைப்பணியில். வெளிநாட்டு கேம்களுக்குப் பாத்திரங்களும் காட்சிகளும் செய்து கொடுத்துத்தான் பல ஸ்டூடியோக்கள் வளர்ந்தன. அதனால் வேலை அறிவிப்புகளில் ஆர்ட்டிஸ்ட் இடங்களோடு ஒப்பிட்டால் புரோகிராமர் இடங்கள் குறைவு. அந்தக் குறைந்த இடங்களுக்கு வடிகட்டுவது சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியும் கணக்கும். பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் உள்ளே விடுவதில்லை.

கணக்கு எங்கே ஒழுங்காக வரும்?

எதிரி ஒருவன் காவல் நிற்கிறான். அவன் பார்வைக் கோணம் 90 டிகிரி. விளையாடுபவர் அதற்குள் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதிரி பார்க்கும் திசை ஒரு வெக்டர் (நீளமும் திசையும் உள்ள அம்பு), அவனிடமிருந்து விளையாடுபவர் வரை இன்னொரு வெக்டர். இரண்டின் நீளத்தையும் 1 ஆக்கி டாட் பிராடக்ட் (உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டுவது) எடுத்தால் கோணத்தின் கோசைன் கிடைக்கும். 90இல் பாதி 45, அதன் கோசைன் 0.707. விடை அதற்கு மேல் இருந்தால் கண்டுவிட்டான். கோட் இரண்டே வரிதான். நீளத்தை 1 ஆக்க மறந்துவிட்டால் கூத்து வேறு மாதிரி போகும். தூரத்தில் பக்கவாட்டில் நிற்பவரைக் கண்டுபிடித்துவிடுவான், மூக்குக்கு முன்னால் ஒட்டி நிற்பவரைக் காணமாட்டான். தூரம் பெருக்கலில் சேர்ந்துவிடுவதே காரணம். இந்த அறிகுறியைக் கேட்டதும் காரணத்தைச் சொல்பவரைத்தான் நேர்காணலில் தேடுகிறார்கள்.

கணினி அறிவியலில் நேரியல் இயற்கணிதம் வரும், ஆனால் கேமோடு தொடர்புபடுத்தி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மேட்ரிக்ஸைப் பரீட்சைக்குப் பெருக்கிவிட்டு மறந்துபோகும் ஆபத்து உண்டு. கேம் பட்டத்தில் அதே பாடம் கேமரா, மோதல், சுழற்சி என்று வரும்போது மண்டையில் ஏறும். ஆனால் எஞ்சினே (கேமை உருவாக்கும் அடிப்படை மென்பொருள்) எல்லாக் கணக்கையும் செய்து தருவதால், ரெடிமேட் ஃபங்ஷனை அழைத்துவிட்டு உள்ளே நடப்பது தெரியாமலே பட்டம் வாங்கிவிடவும் முடியும். எந்தப் பக்கம் போனாலும் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் கூடுதல் கணிதத்தைக் கைகழுவியவருக்கு முதல் ஆண்டு கடினம்தான்.

சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப்

இந்த இடத்தில் கணினி அறிவியலுக்கே என் ஓட்டு. கேம் பாடங்களில் யூனிட்டி எஞ்சினும் அதில் எழுதும் மொழியான சி ஷார்ப்பும் முதலில் வருவது வழக்கம், காரணம் சீக்கிரம் திரையில் ஏதாவது ஓடும். பெரிய ஸ்டூடியோக்களோ அன்ரியல் அல்லது தங்கள் சொந்த எஞ்சினைப் பயன்படுத்துகின்றன. லேரியனிடம் இருப்பது சொந்த எஞ்சின். அங்கெல்லாம் சி பிளஸ் பிளஸ்தான் மொழி.

வித்தியாசம் பிழை வரும்போதுதான் தெரியும். ஏவுகணை ஒன்று எதிரியைத் துரத்துகிறது, பாதி வழியில் எதிரி வேறு குண்டில் செத்துவிடுகிறான். யூனிட்டியில், அழிந்த பொருளைத் தொட்டாய் என்று எந்த வரியில் என்பதோடு சிவப்பில் காட்டும். சி பிளஸ் பிளஸில் ஏவுகணை பிடித்திருக்கும் பாயிண்டர் (நினைவக முகவரி), காலியான நினைவகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். உடனே விழாது. இரண்டு நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் கேம் நின்றுபோகும். இந்தப் பிழையைத் தேடிப் பிடிக்கத் தெரிவதற்கு டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், கணினி அமைப்பு என்ற மூன்று சலிப்பான பாடங்களே கை கொடுக்கும். கேம் பட்டங்களில் டிசைன், அனிமேஷன் பாடங்களுக்கு இடம் விடுவதற்காக இவை சுருங்குவது உண்டு. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தேட வேண்டியது இந்த மூன்றையும்தான்.

அதற்காக சி ஷார்ப் சொகுசு என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தோட்டாவையும் புதிதாக உருவாக்கி அழித்துக்கொண்டே இருந்தால், பயன்படாத நினைவகத்தைத் திரட்டும் குப்பை சேகரிப்பு ஓடும் நொடியில் கேம் திக்கும். ஐம்பது தோட்டாக்களை முன்கூட்டியே செய்து வைத்து, மறைத்து மறைத்து மறுபடி பயன்படுத்துவதே வழி.

நேரக் கணக்கும் இப்படித்தான். நொடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) என்றால் ஒரு பிரேமுக்கு 16.67 மில்லி நொடி. 200 எதிரிகள், ஒவ்வொருவருக்கும் பாதை தேட 0.1 மில்லி நொடி என்றால் 20 ஆகிவிடும், கேம் இழுக்கும். ஒரு பிரேமில் 20 பேருக்கு மட்டும் தேடினால் 2 மில்லி நொடியில் முடியும். எல்லோருக்கும் பத்து பிரேமில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கில், முறை வந்துவிடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதை எந்தப் பட்டமும் தனிப் பாடமாக நடத்துவதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குத் தானாக வரும்.

குழு வேலை

கேம் பட்டத்தின் உண்மையான பலம் இதுதான், இதற்குச் சரியான மாற்று கணினி அறிவியல் பக்கம் கிடையாது. ஆர்ட்டிஸ்ட், டிசைனர், புரோகிராமர் என்று ஆறேழு பேர் ஒரு கேமைக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஸ்டூடியோவில் நடக்கும் அடிதடியெல்லாம் சிறிய அளவில் இங்கேயே நடந்துவிடும்.

பெரும்பாலான குழுக்கள் கவிழ்வது கோப்புகளில். யூனிட்டி தானே உருவாக்கும் லைப்ரரி ஃபோல்டரையும் சேர்த்து, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றிவிடுவார்கள், ரெப்போ (குழுவின் கோப்புச் சேமிப்பிடம்) ஊதிப்போகும். அதை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் 100 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, பெரிய படங்களையும் ஒலிகளையும் முதல் நாளிலிருந்தே கிட்டின் பெரிய கோப்பு வசதியான எல்.எஃப்.எஸ்.சில் போட வேண்டும். இரண்டு பேர் ஒரே சீனை (கேமின் ஒரு காட்சிக் கோப்பு) ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் வேலை போனது போனதுதான். ஆகவே சீனைத் துண்டு துண்டாகப் பிரித்து, பொருள்களை ப்ரீஃபேப் (தனிக் கோப்பாக உள்ள வார்ப்பு) ஆக்கி, ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்துவிட வேண்டும். அன்ரியலின் அசெட் கோப்புகளைப் பெரும்பாலும் ஒன்றிணைக்க முடியாது, பூட்டுப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். ஸ்டூடியோக்களில் கிட்டுக்குப் பதில் பெர்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் பயன்படுவதற்கு இது முக்கியக் காரணம். ஐந்து பேர் வரை அது இலவசம், மாணவர் குழுவுக்குப் போதும்.

கணினி அறிவியல் மாணவர் இந்த அனுபவத்தை வெளியே தேடித்தான் ஆக வேண்டும். 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடிக்கும் கேம் ஜாம்கள், வேறு கல்லூரி ஆர்ட் மாணவர்களோடு சேர்ந்து செய்யும் திட்டங்கள் என்று வழி இருக்கிறது. கெடு வைத்து யாரும் விரட்டாமல் இரண்டு ஆண்டு தொடர்ந்து உழைக்கிற சுபாவம் தனக்கு இருக்கிறதா என்பதை அவரவர்தான் சொல்ல முடியும். இல்லையென்றால் கேம் பட்டத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு: ஒருவர் கோட் எழுத, மற்ற ஐந்து பேர் அவர் முதுகில் ஏறிக்கொள்வார்கள்.

காசு

தனியார் கட்டணம் அரசுப் பல்கலைக்கழகத்தைவிடப் பல மடங்கு. அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் படிப்புக்குத் தர அமைப்பான எம்.க்யூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பு அதன் எம்.க்யூ.ஆர். பதிவேட்டில் அந்தப் பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது. தனியார் பட்டம் பொதுவாக மூன்று ஆண்டில் முடியும், அரசுப் பட்டம் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நான்கு. அரசுக் கட்டணத்திலேயே கேம் படிப்பு வேண்டும் என்பவர்கள் மலாக்காவின் அரசுப் பல்கலைக்கழகமான யூ.டி.இ.எம்.மின் கேம் டெக்னாலஜி பட்டத்தையும் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியூ விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பினாங்கு மாணவர்கள் கவனிக்க

யு.எஸ்.எம்.மில் இடம் கிடைத்தால், கேமுக்காகக் கோலாலம்பூருக்கு ஓடிவரத் தேவையில்லை. பாயான் லெப்பாஸில் 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து வளர்ந்து நிற்கும் சில்லுத் தொழிலுக்கும் சி, சி பிளஸ் பிளஸ் தெரிந்தவர்கள் வேண்டும். 2023, 2024இல் உலகெங்கும் கேம் ஸ்டூடியோக்கள் ஆட்களைக் குறைத்ததை மறந்துவிட முடியாது. அப்படி ஒரு காலத்தில் பட்டம் முடிப்பவருக்கு, வீட்டிலிருந்தே போகக்கூடிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) வேலை கையில் இருப்பது சும்மா இல்லை. மெமரி, நேரம், பிட் என்று அங்கே கற்பது கேமுக்கும் அப்படியே பயன்படும். ஒரே குறை, கேம் இன்டர்ன்ஷிப்புக்குக் கோலாலம்பூர் வந்து வாடகை கொடுத்துத் தங்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம்; நேர்காணலுக்குப் போய்வரலாம், தினமும் முடியாது.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது

பாதியில் நிற்கும் திறந்தவெளி ஆர்.பி.ஜி. வேண்டாம். சின்னதாக, முடிந்ததாக இரண்டு போதும். ஒன்றை எஞ்சின் இல்லாமல் சி பிளஸ் பிளஸில் செய்யுங்கள். பல்லாங்குழி போன்ற மலாய் விளையாட்டான சொங்காக் நல்ல தேர்வு. பக்கத்துக்கு 7 குழி, இரண்டு களஞ்சியம், மொத்தம் 16 கட்டம் கொண்ட ஒரே வரிசை. குழிகள் 0 முதல் 6, களஞ்சியம் 7, எதிராளியின் குழிகள் 8 முதல் 14, அவர் களஞ்சியம் 15. அடுத்த கட்டத்துக்குப் போக ஒன்றைக் கூட்டி 16ஆல் வகுத்த மீதி. எதிர்க்குழியின் எண் 14இலிருந்து கழித்தால் வந்துவிடும். எதிராளியின் களஞ்சியத்தைத் தாண்ட மறப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தொடக்கத்தில் குழிக்கு 7 காய் என்பதால், காய்களின் மொத்தம் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் 98தானா என்று ஒரு சோதனை வையுங்கள், விதைக்கும்போது காய் தொலைந்தாலோ இரட்டித்தாலோ உடனே மாட்டும். களஞ்சியத்தை எடுத்துவிட்டு 14ஆல் வகுத்தால் அதே கோட்டில் நம் பல்லாங்குழிக்கும் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, அன்ரியலிலோ யூனிட்டியிலோ குழுவாகச் செய்தது. அதில் உங்கள் பங்கு எது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரு நிமிட வீடியோ வையுங்கள், முதல் பத்து நொடியில் லோகோ ஓட வேண்டாம்.

கல்லூரிகளின் ஓபன் டே போனால் கவுண்டரில் கையேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மூன்றாம் ஆண்டு சீனியர் ஒருவரைப் பிடித்து, “அண்ணே, ரெண்டாம் ஆண்டுல எத்தனை பாடத்துல சி பிளஸ் பிளஸ் எழுதுனீங்க? உங்க குழுவுல உண்மையா கோட் எழுதினது எத்தனை பேரு? போன வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு யாரு எந்த ஸ்டூடியோவுக்குப் போனாங்க?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லாமல் மழுப்பினால், வெப்சைட் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அதிகக் கட்டணம் கட்டுவதற்குக் காரணமே இல்லை.