எக்ஸ்ஸ்கிரீன்சேவர்: கல்லா மேசைக் கம்ப்யூட்டருக்கு ஆகுமா?

எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்பது ஆள் இல்லாத நேரத்தில் திரையில் காட்சி ஓட்டி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியும் வைக்கும் மென்பொருள். யாருக்கு ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மதுரை அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ். அதற்கு இந்த மென்பொருள் கிடையாது. மேக்குக்கு உண்டு, ஆனால் வெறும் காட்சிகள்தான். பூட்டுவதை மேக்கே பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் ஓடுகிற கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர், கவுண்டருக்கு மேலே எட்டிப் பார்த்தால் அடுத்தவர் ஆதார் நம்பர் தெரிகிற சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிட்டது, இன்றும் இலவசம். இருநூறுக்கு மேல் காட்சிகள். இறக்கை முளைத்த டோஸ்டர் பறக்கும், திரை மெழுகாய் உருகி வழியும், பழைய பச்சைத் திரை டெர்மினலில் எழுத்து ஓடும். பார்த்தால் பொம்மைக் கடை. பூட்டு மட்டும் விளையாட்டில்லை.

காரணம், லினக்ஸில் திரையையும் ஜன்னல்களையும் வரைந்து காட்டும் எக்ஸ்11இன் அமைப்பு. அதில் பூட்டு என்பது திரையை மறைத்து, கீபோர்டையும் மவுஸையும் பிடித்துவைத்திருக்கும் ஒரு சாதாரண புரோகிராம். அது கிராஷ் ஆனால் டெஸ்க்டாப் அப்படியே திறந்துகொள்ளும். அதனால் பூட்டுகிற பகுதியில் எவ்வளவு குறைவாகக் கோட் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 2021இல் வந்த 6ஆம் பதிப்பில் பூட்டு, பாஸ்வேர்டு பெட்டி, காட்சி மூன்றையும் தனித்தனி புரோகிராமாகப் பிரித்துவிட்டார்கள். டோஸ்டர் கீழே விழுந்தாலும் பூட்டு விழாது. அதே ஆண்டு ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பூட்டு, குழந்தைகள் திரைக் கீபோர்டிலும் நிஜக் கீபோர்டிலும் கண்டபடி தட்டியதில் திறந்துகொண்டது. பூட்டுக்குள் திரைக் கீபோர்டைச் சேர்த்ததன் பலன்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியது: எக்ஸ்11 செஷன் வேண்டும், அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய முறையான வேலண்டில் பூட்டு செல்லாது. லுபுண்டு என்ற லினக்ஸில் இதுவே கூட வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே டெஸ்க்டாப் என்றால் அவற்றோடு வரும் பூட்டை முதலில் நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டு முறை பாஸ்வேர்டு கேட்கும். பிறகு செஷன் தொடக்கப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். மறந்தால் அடுத்த லாகினில் பூட்டே இருக்காது.

நிறுவியதும் 10 நிமிடத்தில் காட்சி ஓடும், ஆனால் பூட்டாது. 'லாக் ஸ்கிரீன் ஆஃப்டர்' பெட்டியில் டிக் போட்டால்தான் பூட்டு. ஜனங்கள் வந்துபோகும் கவுண்டருக்கு 10 நிமிடம் மிக அதிகம். காட்சி 2 நிமிடம், பூட்டு 0 (காட்சி தொடங்கியதுமே பூட்டும்) என்று வையுங்கள். லேபில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கும் இதே அமைப்பு வேண்டுமென்றால், ஹோம் டைரக்டரியில் மறைந்திருக்கும் செட்டிங் கோப்பை, புதுக் கணக்குகளுக்கு மாதிரியாக இருக்கும் ஸ்கெல் டைரக்டரியில் ஒரு நகல் போட்டுவைத்தால் போதும்.

அடுத்து, எதை அணைப்பது. 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'கிராப் டெஸ்க்டாப் இமேஜஸ்' என்று ஒன்று, டிக்கோடுதான் வரும். திரை உருகுவது, துண்டு துண்டாக நகர்வது போன்ற காட்சிகள் உங்கள் டெஸ்க்டாப்பையே படம் பிடித்து ஆட்டுகின்றன. பூட்டியிருக்கும் திரையில் வாடிக்கையாளரின் பேங்க் பாஸ்புக் உருகிக்கொண்டிருந்தால் பூட்டி என்ன பயன்? முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். 'வெப்கொலாஜ்' என்ற காட்சி இணையத்திலிருந்து கண்ட படத்தையும் இழுத்துப்போடும். பள்ளிக்கூடத்தில் அதன் பக்கமே போக வேண்டாம்.

'பிஎஸ்ஓடி' என்ற காட்சி தனி ரகம். விண்டோஸின் நீலத்திரை, அமிகாவின் சிவப்புப் பெட்டி என்று செத்துப்போன கம்ப்யூட்டர்களின் கடைசித் திரைகளை அச்சு அசலாகக் காட்டும். டெபியன், உபுண்டு லினக்ஸில் இது தனிப் பேக்கேஜ். விவரம் தெரிந்த கூட்டத்துக்கு அருமையான கேலி. கடையில் வேண்டாம்: சிஸ்டம் போச்சு என்று யாராவது பவர் பட்டனை அமுக்குவார்கள், சேமிக்காத வேலை போகும். வைத்தே தீருவேன் என்றால் பவர் பட்டனை, அதைக் கவனித்துக்கொள்ளும் லினக்ஸ் சேவையான லாகின்ட் அமைப்பில் செயலிழக்கச் செய்யுங்கள். அப்போதும் சில நொடி விடாமல் அமுக்கினால் மெஷின் அணையத்தான் செய்யும்.

கடைக்காரர்களுக்கு உண்மையில் உதவுவது 'ஜிஎல் ஸ்லைடுஷோ'. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் மாதிரிகளை ஒரு ஃபோல்டரில் போட்டு 'இமேஜ் டைரக்டரி'யில் காட்டிவிட்டால், பூட்டிய திரையே விளம்பரப் பலகை. சித்திரைத் திருவிழா சமயத்தில் அழகர் படங்களையும் ஓட்டலாம். புதிதாகப் போட்ட படம் உடனே வராது. பட்டியலைச் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். எழுத்து ஓட்டும் காட்சிகளில் கடைப் பெயரைத் தமிழில் கொடுப்பதுதான் சரிப்படாது. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாததால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயரைப் படமாகச் செய்து ஸ்லைடுஷோவில் போடுவதே வழி.

முப்பரிமாணக் காட்சிகளுக்கு கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுப் பாரமும் சிபியூ தலையில். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சீக்கிரம் காலி. பழைய மெஷினுக்கு 'பிளாங்க் ஸ்கிரீன் ஒன்லி' போதும்.

ஓட்டைகளும் உண்டு. ஏதாவது மெனுவைத் திறந்தபடி எழுந்து போனால் கீபோர்டு அந்த மெனுவின் பிடியில் இருக்கும், பூட்டு விழாது. எழுத்து மட்டும் தெரியும் டெக்ஸ்ட் கன்சோலில் லாகின் செய்து அங்கிருந்து எக்ஸ்11ஐத் தொடங்கியிருந்தால், கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்1 அழுத்திப் பின்வாசல் வழியாக நுழையலாம். கிராஃபிக்கல் லாகினே பாதுகாப்பு. ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கில், உட்கார்ந்திருந்தால் பூட்டவே மறுக்கும், அது சரிதான்.

பாஸ்வேர்டு சரியாக அடித்தும் திறக்கவில்லை என்றால் கீபோர்டு லேஅவுட்டைப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையை சிஸ்டம் லேஅவுட்டாக வைத்து, தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பூட்டினால், பாஸ்வேர்டும் தமிழாகவே உள்ளே போகும். புள்ளிகளாகத் தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. லேஅவுட் மாற்றும் பொத்தான்களை அழுத்திவிட்டு மறுபடி அடியுங்கள். 30 நொடிக்குள் அடிக்காவிட்டால் பெட்டி மறைந்து டோஸ்டர் திரும்ப வந்துவிடும்.