தொழில்வாரி, வயதுவாரி ஊதியப் பதிவேட்டு மென்பொருள்: ஒரு மதிப்பீடு

தொழிற்சாலைப் பணியாளர்களின் ஊதியத்தைத் தொழில்வாரியாகவும் வயதுவாரியாகவும் தொகுத்துத் தரும் மென்பொருள் ஒன்றைச் சில காலமாகச் சம்பளப் பிரிவில் பயன்படுத்தி வருகிறேன். தொழில்களை வகைப்படுத்துவதில் அது பாராட்டுக்குரியது. 2008ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டைப் பின்பற்றுவதால், வெல்டர், டர்னர் (கடைசல் இயந்திரத்தில் உலோகம் கடைபவர்) போன்றோர் 7ஆம் பிரிவிலும், ஆலை இயந்திரங்களை இயக்குவோர் 8ஆம் பிரிவிலும், சுமை தூக்குவோர் 9ஆம் பிரிவிலும் குழப்பமின்றி இடம்பெறுகின்றனர்.

வயதுப் பகுதியில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடாமல், பணியில் சேர்ந்த நாளில் பதிந்த எண்ணையே அது வைத்துக்கொள்வதால், 24 வயதில் சேர்ந்தவர் பத்தாண்டு அனுபவம் பெற்ற பின்னும் 15–24 வயதுப் பிரிவிலேயே நிற்கிறார். அவருடைய உயர்ந்த சம்பளம் இளையோரின் சராசரியைப் பொய்யாக உயர்த்திவிடுகிறது. அந்தப் பிரிவே மிக அகலமானது என்பது வேறு விஷயம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு 138ஆம் உடன்படிக்கை, பொதுவாக 15 வயதையும் ஆபத்தான வேலைகளுக்கு 18 வயதையும் குறைந்தபட்சமாக வகுத்திருக்க, உலைக்களத்தில் 17 வயதினர் எவரேனும் இருக்கிறாரா என்பதை இந்த அட்டவணை காட்டாது.

மிகைநேர ஊதியத்தையும் அடிப்படைச் சம்பளத்தையும் அட்டவணையின் ஒரே பத்தியில் சேர்ப்பதும், இடைநிலை மதிப்பை (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையை) தராமல் சராசரியோடு நிறுத்திக்கொள்வதும் மற்ற குறைகள். மாதச் சம்பளம் வழங்குவதற்கு மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். ஊதிய ஒப்பீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.